அண்ணை இருந்த நிலக்கரி ஊர்

அந்த ஊரின் பெயரை நான் முதலில் கேட்டது பாரிசில், ரூ பெர்தொனே வீதியில் நான் வேலை செய்த சிற்றுண்டிக் கடையில், ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றபோது. 2009ஆம் ஆண்டுக் கோடை. இலங்கையில் எங்கள் ஊரில் போர் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் கடைகள் திறந்திருந்தன, சனம் மரக்கறியும் மீனும் வாங்கியது, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை. முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தார். தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தபடி அவர்தான் சொன்னார், நோர்வேக்கும் மேலே பனிக்கடலுக்குள் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது, அதில் லொங்யேர்பியன் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர், அங்கே இருப்பதற்கு எந்த நாட்டுக்காரருக்கும் விசா வேண்டாம் என்று.

நோர்வே என்ற பெயரைக் கேட்டாலே அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு முகம் கறுத்துவிடும். சமாதானம் பேச வந்த நாடு அல்லவா. கடையில் நின்ற இரண்டு பேர் காசைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "விசா இல்லையெண்டால் எங்கடை சனம் சந்திரனுக்கும் போகும்" என்றேன். சொந்தக்காரர் சிரித்தார். மூலையில் நின்று வடை தின்றுகொண்டிருந்த என் அண்ணை சிரிக்கவில்லை.

"அங்கை மனிசியையும் கூப்பிடலாமோ?" என்று கேட்டார்.

"ஆரையும் கூப்பிடலாம். வந்து தன்ரை கையால உழைச்சுச் சாப்பிட்டால் சரி. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அண்ணையின் அகதி மனு இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அகதி அந்தஸ்து முன்பே கிடைத்துவிட்டது, பாரிசின் புறநகரான பொபினியில் கணவர், பிள்ளைகளோடு இருந்தேன். அவர் எங்கள் வீட்டு வரவேற்பறையில் படுத்துக்கொண்டு, ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் களவாகக் கோப்பை கழுவினார். கல்யாணம் கட்டி ஒரு வருடம் நிறையுமுன் வன்னியிலிருந்து வெளிக்கிட்டவர். மச்சாள், அவருடைய மனைவி, அந்தக் கோடையில் செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தாள். அவருக்கு அந்த ஒரு கேள்விதான் இருந்தது. இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருக்க உலகத்தில் எங்கேயாவது இடம் உண்டா?

நான் மறித்தேன். குளிர்பதனப் பெட்டிக்குள் போய்க் குடியிருக்கப் போகிறீர்களா என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல், "இஞ்சை இருந்தால் அவவைக் கூப்பிட ஏலாது. அங்கை இருந்தால் ஏலும்" என்றார். அடுத்த வருடம் பனி கரைகிற காலத்தில், காலாவதியாகாமல் கிடந்த இலங்கைப் பாஸ்போட்டுடன் பஸ் ஏறி, நாடு நாடாக மாறி ஒஸ்லோ போய், அங்கிருந்து விமானத்தில் அந்த ஊருக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அந்த விமானத்துக்கு இப்போதைய கெடுபிடிகள் இல்லை.

முதலில் ஒரு ஹொட்டலில் துப்புரவு வேலை. பிறகு சுரங்கத்தில், தொழிலாளர்கள் உடுப்பு மாற்றிக் குளிக்கும் இடத்தைக் கழுவுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தொலைபேசி எடுப்பார். மச்சாளின் அலுவல் என்னவாயிற்று என்று நான் கேட்டால் அவர் ஊரின் கதையைத் தொடங்கிவிடுவார். மனிசி எப்போது வருவாள் என்று கேட்கிற எனக்கு, அமெரிக்கன் எப்போது வந்தான் என்று மறுமொழி வரும். எனக்குப் பொறுமை குறைவு. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் வெட்டியபடி "ம், ம்" என்பேன். ஆனாலும் பதினைந்து வருடம் கேட்டதில் அந்த ஊரின் வரலாறு எனக்குப் பாடமாகிவிட்டது.

நூறு வருடத்துக்கு முன் ஓர் அமெரிக்கன் நிலக்கரி தேடி வந்து, ஒரு மரமும் முளைக்காத அந்தப் பள்ளத்தாக்கில் ஊரைத் தொடக்கினானாம். பிறகு நோர்வேக் கம்பனி ஒன்று வாங்கியது. வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, ஒரு காலத்தில் காசுகூடக் கம்பனி அச்சடித்த காசு. வேறு எங்கும் செல்லாது. வீதிகளுக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, இலக்கம்தான். ஆம்பிளைகள் ஊருக்குள் போய் மாரியில் கடல் உறைந்துவிட்டால், கப்பல் வரும்வரை வெளியே வர வழியில்லை. ஆரம்ப காலத்தில் சுரங்கத்துக்குள் வெடித்துப் பலர் செத்தார்கள். உலகப்போரில் சனத்தைக் கப்பலில் ஏற்றிய பிறகு ஜேர்மன்காரர்கள் வந்து ஊரை எரித்தார்கள். வீடுகள் அணைந்த பிறகும் ஒரு சுரங்கத்துக்குள் நெருப்பு வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. போர் முடிந்ததும் திரும்பிவந்து, எரிந்த இடத்திலேயே மறுபடி கட்டினார்கள். இந்தக் கட்டம் வரும்போதெல்லாம் அண்ணை கொஞ்சம் நிறுத்துவார். "பார், அவையைத் திரும்பி வர விட்டிருக்கினம்" என்பார்.

அவருக்குப் பிடித்த வழக்கம் ஒன்று இருந்தது. நிலக்கரித் தூசு வீட்டுக்குள் வரக்கூடாதென்று அந்தக் காலத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றிய பழக்கம், இன்றைக்கும் ஹொட்டலில், நூதனசாலையில், வேலையிடத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறதாம். பெரிய பெரிய வெள்ளைக்காரர்கள் காலுறையோடு நின்று கதைப்பார்களாம். எங்கள் பெரியவன் லிசேப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தோடு கட்டிலில் ஏறுகிறவன், அவனைப் பிடித்து இந்தக் கதையைச் சொன்னேன். அவன் பிரெஞ்சில் ஏதோ முனகிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

குடிவகைக்கும் அங்கே பங்கீட்டு அட்டை. பியருக்கும் சாராயத்துக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு, வைனுக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை, ஏனென்றால் வைன் குடித்தவர்கள் பெரிய உத்தியோகத்தர்கள். சட்டம் போட்டவன் தன் போத்தலை விட்டுவிட்டுத்தான் மற்றவன் போத்தலை அளந்திருக்கிறான். அண்ணை குடிப்பதில்லை. பக்கத்து அறைக்காரர்கள் அவருடைய அட்டையை இரவல் கேட்பார்களாம், இவர் கொடுப்பதில்லையாம். குடித்திருந்தாலாவது கொஞ்சம் வாய்விட்டுக் கதைத்திருப்பார் என்று நான் பிறகு நினைத்ததுண்டு.

ஆனால் அந்த ஊரைப் பற்றி என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. அங்கே பிள்ளை பெற முடியாது. கர்ப்பிணிகள் நாள் கிட்ட வருமுன்னரே பெருநிலத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். செத்தவர்களைப் பெட்டியில் வைத்துப் புதைப்பதும் இல்லை, நிலம் உறைந்து கிடப்பதால் புதைத்தது மேலே வந்துவிடுமாம். வயோதிபர் இல்லம் கிடையாது. உழைக்க ஏலாதவர் ஊரை விட்டுப் போகவேண்டும். கம்பனி இரண்டு கைகளுக்காகக் கட்டிய ஊர், கைகள் வரமுன்னும் அவை ஓய்ந்த பின்னும் நடப்பது அதன் கணக்கில் இல்லை. அண்ணை இதைக் குறையாகச் சொல்லவில்லை. "நேர்மையான ஊர்" என்றார். "என்ன வேணும் எண்டு முதலே சொல்லிப்போடுது. பிரான்ஸ் அப்பிடியில்லையே." எனக்கு அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் போல் இருந்தது.

மச்சாள் முகாமிலிருந்து வெளியே வந்து கிளிநொச்சியில் தாயோடு இருந்தாள். அண்ணை குடும்பத்துக்கான அறை ஒன்றைக் கேட்டு வாங்கினார். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. அந்த ஊருக்கு விசா வேண்டாம், ஆனால் அங்கே போகும் விமானம் ஒஸ்லோவிலிருந்து ஏறவேண்டும், ஒஸ்லோவில் இறங்க விசா வேண்டும். வீட்டுக்குக் கதவே இல்லை, தெருப் படலை மட்டும் பூட்டிக் கிடந்தது. அதே படலை அண்ணைக்கும்தான். போனவர் எங்களிடம் திரும்பிவரவும் விசா வேண்டும், அதை அவருக்கு யாரும் கொடுக்கப்போவதில்லை. மச்சாள் கொழும்புக்குப் போய்ப் போய் விண்ணப்பித்தாள். ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள்.

கடைசியில் ஒரு முறை விசா கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, முன்பு ஏன் மறுத்தார்கள் என்றும் தெரியாது. அண்ணை என்னிடம் மிளகாய்த்தூளும் புட்டுக்குழலும் அனுப்பச் சொன்னார். அது கோடை, அங்கே கோடையில் சூரியன் விழுவதேயில்லை. வெளிச்சத்தில் அவளுக்கு நித்திரை வராதென்று, தடித்த கறுப்புத் துணி வாங்கி யன்னலுக்கு இரட்டைத் திரை தைத்தாராம், கையால். தையல் நேராக வரவில்லை என்று இரண்டு முறை அவிழ்த்துத் தைத்ததை என்னிடம் வெட்கத்தோடு சொன்னார். அவ்வளவு சந்தோசமாக அவர் கதைத்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்கவில்லை.

மச்சாள் ஒஸ்லோவில் இறங்கினாள். அடுத்த விமானத்துக்குப் பல மணித்தியாலங்கள் இருந்தன. அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மச்சாள், நான் பாரிசுக்கு வாறன்."

அவள் அதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். ஒருவர் முதலில் உள்ளே காலை வைக்கவேண்டும், வதிவிடக் காட் எடுக்கவேண்டும், பிறகு மற்றவரைக் கூப்பிடவேண்டும். லா சப்பலில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் ஒன்றுசேர்ந்தன. ஒஸ்லோவில் கால் வைத்தாயிற்று, அங்கிருந்து பாரிசுக்கு வர யாரும் பாஸ்போட் பார்க்கமாட்டார்கள். இந்த வாய்ப்பை விட்டுவிட்டு, காட் ஒன்றும் கிடைக்காத, எத்தனை வருடம் இருந்தாலும் நோர்வேப் பிரஜை ஆவதற்கு அந்த வருடங்கள் கணக்கில் சேராத ஒரு பனிக்காட்டுக்கு ஏன் போகவேண்டும்? "நான் காட் எடுத்து அவரை அங்கை கூப்பிடுறன். ரெண்டு பேரும் ஆக்களோடை ஆக்களா இருப்பம்" என்றாள். நியாயமாகப் பட்டது. "வா" என்றேன். கடையில் எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள்.

அண்ணை விமான நிலையத்துக்குப் போயிருந்தார். அங்கே பெட்டிகள் சுற்றிவரும் பட்டியின் நடுவில், பாடம் செய்த பனிக்கரடி ஒன்று நிற்கும். அவளுக்கு அதைக் காட்டிப் பயப்படுத்தவேண்டும் என்று நினைத்திருந்தாராம். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டி நின்றது. நான் தொலைபேசியில் விசயத்தைச் சொன்னேன். அவர், "சாப்பிட்டவவோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் அலைச்சலிலேயே போயின. நோர்வே விசாவில் வந்தவள் என்று பிரெபெக்த்தூர் அலுவலகத்தில் அவளை நோர்வேக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்படித் திருப்பி அனுப்பக்கூடிய தவணை கழியும்வரை எங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தோம். பிறகு மனு, நிராகரிப்பு, மேன்முறையீடு. காட் கிடைத்தபோது அவளுடைய முன்தலை நரைத்துவிட்டது. ரூ பிலிப்-து-ஜிராரில் உள்ள கடையில் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். இனி அவரைக் கூப்பிடலாம். அவர் ஒஸ்லோவில் பிரெஞ்சு விசாவுக்கு நேரில் போய்க் கைரேகை வைக்கவேண்டும், ஒஸ்லோவுக்குப் போக அவருக்கு முதலில் ஓர் அனுமதி வேண்டும், அந்த அனுமதியைத் தீவின் நிர்வாகத்திடமே கேட்டுப் பார்க்கலாம் என்று விசாரித்து அறிந்தோம். அண்ணையிடம் சொன்னேன்.

"பாப்பம்" என்றார்.

அடுத்த ஞாயிறும் "பாப்பம்". அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். மச்சாள் தானே எடுத்துக் கேட்டாலும் அதே சொல். எனக்குக் கெட்ட கெட்ட சந்தேகங்கள் வந்தன. அங்கே வேறு யாரும் இருக்கிறார்களோ என்று நேராகவே கேட்டேன். "கரடி இருக்கு" என்றார்.

கடைசியில் நானும் மச்சாளும் போனோம். அவளுக்கு இப்போது அகதிப் பயணப்பத்திரம் இருந்தது, போய்த் திரும்பலாம். நீண்ட இருட்டு முடிந்து, ஊருக்குள் சூரியன் திரும்பி வருகிற கிழமை. விமான நிலையத்தில் அண்ணை நின்றார். தாடி முழுக்க வெள்ளை. பத்து வருடத்துக்கு மேல் பார்க்காத இரண்டு பேரும் ஓரடி தள்ளி நின்றார்கள். அவர் அவளுடைய பையை வாங்கினார். "குளிருதோ?" என்றார். "ஓம்" என்றாள்.

அந்த ஊரை நான் பார்த்தது அந்தச் சில நாட்கள்தான். மலைச்சரிவுகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களின் மரச்சட்டங்கள் கறுப்பாகத் தொங்கின. முன்பு நிலக்கரி வாளிகள் கம்பியில் போன தூண்கள், கம்பி இல்லாமல், ஊர் நெடுக நின்றன. குழாய்களை நிலத்துக்குள் தாழ்க்க முடியாமல் வெளியே மரக்கால்களில் ஓட விட்டிருந்தார்கள். சரிவில் ஒரு சிறு சவக்காலை, வரிசையாக வெள்ளைச் சிலுவைகள், பெட்டியில் வைத்துப் புதைத்த காலத்தோடு அந்த வரிசை நின்றுவிட்டது. கடைக்குள் போனால் மாம்பழமும் தாய்லாந்து அரிசியும் இருந்தன. தாய்லாந்துக்காரர்கள், பிலிப்பீன்காரர்கள், நோர்வேக்காரர்கள் என்று வழியில் கண்ட எல்லோரும் அண்ணைக்குக் கை காட்டினார்கள். பாரிசில் அவர் இருந்த காலத்தில் அவருக்கு யாரும் கை காட்டி நான் பார்த்ததில்லை.

ஒரு பகல் சனம் எல்லாம் ஊரின் மேல்பக்கம் போனது. அங்கே பழைய ஆஸ்பத்திரி ஒன்று இருந்ததாம். இப்போது அதன் வாசற்படிகள் மட்டும்தான் பனிக்குள் நிற்கின்றன. அந்தப் படிகளில் வெயில் விழுந்தால்தான் ஊருக்குச் சூரியன் வந்ததாகக் கணக்கு. சின்னப் பிள்ளைகள் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு சூரியனைக் கூப்பிட்டார்கள். மலைக்கு மேலே ஒரு கீற்று வந்து படியில் விழுந்தது. அண்ணை தொப்பியைக் கழற்றி, முகத்தை அதற்குக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மச்சாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. குளிரில் கண்ணீர் இமையில் ஒட்டிக்கொண்டது, துடைக்கவும் முடியவில்லை.

நாங்கள் திரும்பும் நாள் காலையில் அவருடைய அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். யன்னலில் அந்த இரட்டைத் திரை அப்படியே தொங்கியது. மச்சாள் அதன் ஓரத்தைப் பிடித்துத் தையலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அனுமதிக்கு எழுதிக் குடுக்கிறியளோ? நீங்கள் வாறது எண்டால் நான் தனிய வீடு எடுக்கிறன்."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "இஞ்சை வந்து இவ்வளவு காலம். ஏன் வந்தனி எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. திரும்பப் போய் ஒவ்வொரு யன்னலுக்கும் முன்னாலை நிண்டு நான் ஆர் எண்டு சொல்ல என்னாலை ஏலாது."

"நான் கேக்கேல்லையே."

"நீர் வரேல்லை."

அவள் திரையை விட்டாள். "உங்களைக் கூப்பிடத்தானே அங்கை போனனான். இப்ப வந்திருக்கிறன்."

"ஓம். திரும்பிற டிக்கெற்றோடை."

அவள் அங்கேயே நின்றுவிட்டால் பிரெஞ்சுக் காட் போய்விடும். அத்தனை வருடம் பட்ட பாடு வீண், பிறகு இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. அவர் வந்தால் அவருக்குக் கை காட்டுகிற ஊர் இல்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதனால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் இருவர் மீதும் கோபத்தோடு இருந்தேன். விமானத்தில் மச்சாள் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. பிரியவும் இல்லை. ஞாயிறுகளில் கதைத்தார்கள், என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் அலுவலகங்களைத் துடைத்தாள், அவர் சுரங்கத்தின் குளியலறையைக் கழுவினார்.

பிறகு அந்த ஊரின் கடைசிச் சுரங்கத்தையும் மூடினார்கள். நிலக்கரி இனி வேண்டாம், சுற்றுலாவும் ஆராய்ச்சியும் போதும் என்று முடிவாயிற்று. கடைசி நாளில் எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுத்தார்கள், அதில் அண்ணையும் ஓரத்தில் நிற்கிறார். வேலையோடு வந்த அறை வேலையோடு போகிறது. நான் உடனே தொலைபேசி எடுத்தேன். "இப்பவாவது வாங்கோ. இனி அங்கை என்ன கிடக்கு? அனுமதி நான் எழுதுவிக்கிறன்" என்றேன்.

"நான் ஊருக்குப் போறன்" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. கிளிநொச்சிக்கு, எங்கள் காணிக்கு. அவருடைய கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போட், அவரை அங்கே போகவிடாமல் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. தடை மச்சாளுக்குத்தான். அகதிக் காட் வைத்திருப்பவர் எங்கேயும் போகலாம், தப்பி வந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. போனால் காட்டைப் பறித்துவிடுவார்கள். பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிட்டால் போகலாம், ஆனால் அவள் மொழிச் சோதனையில் தவறிக்கொண்டே இருந்தாள். லா சப்பலில் கடலை விற்கிறவருக்கும் தெரிந்த விசயம் இது.

"அண்ணை, அவவாலை அங்கை வரேலாது. தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ போறியள்?"

"அவ வரக்கூடிய இடத்தில பதினைஞ்சு வருசம் இருந்தனான், பிள்ளை" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மச்சாள் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீரை நிறுத்தாமலே, "என்னவாம்?" என்று கேட்டாள்.

"சாமான் கட்டுறாராம்" என்றேன். எங்கே போவதற்கென்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் தண்ணீரை வடித்தாள். இன்னொரு முறை பிடித்து, இன்னொரு முறை வடித்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அந்தத் தடிச்ச ஜக்கெற்றை அங்கை ஆருக்கும் குடுத்திட்டுப் போகச் சொல்லுங்கோ, மச்சாள். கிளிநொச்சி வெயிலுக்கு அதைப் போடேலாது."